உப்பளம் யார் பட்டாவில்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மரக்காணம் என்றால் ஒரு வெள்ளைப் பட்டைதான். கடப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சவுக்குத் தோப்புகள் விலகி, சாலையோரம் பாத்திகள் பளிச்சிடும். காரை ஓரங்கட்டி நாலு படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் புதுச்சேரியில் இறங்கிவிடுவார்கள். நான் பேருந்தில் வந்து, மரக்காணத்திலேயே அறை எடுத்துத் தங்கினேன். உப்பைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் நடக்க நடக்க, யாருடைய இடத்தில் யார் நிற்கிறார்கள் என்கிற விவகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது.

இறங்கிய சாலை தேசிய நெடுஞ்சாலை 332ஏ. அது மத்திய அரசின் நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இருக்கிறது. நாலு வழியாக அகலமாகிறது. சாலையிலிருந்து சரிந்து இறங்கினால் உப்பளம். அதில் பெரும்பகுதியும் மத்திய அரசின் நிலம்தான், ஆனால் துறை வேறு. உப்பளத்துக்கு நீர் தரும் ஓடையும் கழிமுகமும் இன்னொரு கணக்கு. தெற்கே விரியும் கழுவெளி ஏரி வனத்துறைக்கு. கடலோரக் குப்பங்களில் அரசாங்கப் புத்தகத்தில் இல்லாத ஓர் அரசாங்கம் நடக்கிறது. இத்தனைக்கும் நடுவில், ஊர்ப் பெயரையே தன் பெயர்ப்பலகையில் தாங்கி நிற்பது மரக்காணம் பேரூராட்சி. அதன் கையில் இருப்பது குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி, சாக்கடை, சுடுகாடு.

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. 1993 வரை எல்லாம் ஒரே தென்னார்க்காடு. அந்த ஆண்டு மாவட்டத்தைக் கடலூர், விழுப்புரம் என இரண்டாக்கினார்கள். விழுப்புரத்துக்குக் கிடைத்த கடற்கரை கொஞ்சம்தான். வடக்கே செங்கல்பட்டு, தெற்கே புதுச்சேரி. தாலுகா விஷயத்திலும் ரொம்ப காலம் திண்டிவனத்தின் நிழலில் கிடந்து, சில ஆண்டுகளுக்கு முன்தான் மரக்காணம் தனி வட்டமானது. சட்டமன்றத்துக்கு இன்றும் திண்டிவனம் தொகுதிதான்.

உப்பளத்துக்கு விடியுமுன் போக வேண்டும் என்று அறைக்காரர் சொல்லியிருந்தார். நாலரை மணிக்குக் கிளம்பியபோதே பாத்திகளில் டார்ச் வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. வெயில் ஏறினால் காலடியில் உப்புநீரும் கண்ணில் கூசும் வெண்மையும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் வேலையின் கனத்தை விடிவதற்குள்ளேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

"பாத்து வாங்க சார். வரப்பு வழுக்கும். விழுந்தா துணி கெட்டியா காயும்."

சொன்னவருக்கு ஐம்பது வயதிருக்கும். புடவை மேல் ஆண்கள் சட்டை, தலையில் சும்மாடு. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் நீண்ட கம்பு செருகிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பலகை நீருக்கடியில் போகும்போது ஒரு சத்தம் கேட்கிறது, கண்ணாடித் தூளை அள்ளுவது போல. அதைவிட முக்கியம், அந்தப் பலகை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது. விரலளவு கூடுதலாக இறங்கினால் களிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும், விலை போகாது. மனுஷன் இருட்டில், பார்க்காமலேயே, கைக்கணக்கில் வாருகிறார்.

இந்தத் தரையை இப்படிக் கெட்டிப்படுத்துவதே தனி வேலை. மழைக்காலம் முடிந்து ஜனவரியில் சேற்றை வழித்து, களிமண்ணைக் காலாலேயே மிதித்து மிதித்து, சிமெண்ட்டுத் தரை மாதிரி இறுக்குகிறார்கள். பிறகுதான் நீர். கடல்நீர் அப்படியே உப்பாவதில்லை. முதலில் பெரிய தேக்கங்களில் நின்று சுண்டி, அங்கிருந்து அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி என்று இறங்கி வர வர அடர்த்தி ஏறுகிறது. கடல்நீருக்கு போமே கணக்கில் 3 டிகிரிதான். 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்க விட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசப்பாகிவிடும்; அந்த நீரை வெளியே தள்ள வேண்டியதுதான். அதனால் அளத்தில் எல்லோர் வாயிலும் டிகிரிதான். "டிகிரி ஏறிடுச்சா?", "நேத்து மோடம் போட்டுது, டிகிரி எறங்கிடுச்சு" என்று ஜுரம் பார்த்த டாக்டர்களைப் போலப் பேசுகிறார்கள்.

அந்த அம்மா அன்னக்கூடையில் உப்பை அள்ளித் தலையில் ஏற்றி, வரப்போடு நடந்து குவியலில் கொட்டிவிட்டு வந்தார். கூடையிலிருந்து உப்புநீர் கழுத்து வழியே முதுகில் இறங்குகிறது. காலில் என்ன என்று கேட்டேன். பாதத்தைத் திருப்பிக் காட்டினார். வெடிப்புகளின் ஓரம் வெளுத்து, தோல் தோலாகத் தெரியவில்லை.

"பூட்ஸு போட மாட்டீங்களா அக்கா?"

"போட்டா உள்ள தண்ணி பூந்துக்கும். இன்னும் ஊறும். சரி அதை வுடுங்க. ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சா மூணு மாசம் ஒண்ணுமே கெடையாது. அந்தாண்ட ஊர்ல எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போறாங்க. எங்களுக்கு இல்ல. நாங்க டவுனாம்."

இந்த 'டவுனாம்' என்ற சொல்லுக்குள் தமிழ்நாட்டு உள்ளாட்சியின் ஒரு அத்தியாயமே அடங்கியிருக்கிறது.

பேரூராட்சி என்பது கிராமமும் இல்லை, நகராட்சியும் இல்லை. கிராம ஊராட்சிகளில் கொஞ்சம் பெரியவற்றைத் தனியாகப் பிரித்து வைக்கும் வழக்கம் பழைய சென்னை மாகாணத்திலிருந்தே உண்டு. 2004 ஜூனில் அரசு ஒரு காரியம் செய்தது. மக்கள்தொகை 30,000-க்குக் குறைவாக இருந்த பேரூராட்சிகளைச் 'சிறப்பு கிராம ஊராட்சி' என்று மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கென்று மத்தியிலிருந்து வரும் பணத்தில் இந்த ஊர்களுக்கும் பங்கு கிடைக்கட்டும் என்பது காரணம். ஒரே உத்தரவில் மாநிலத்தின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை கிராமமாயின. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை என்கிற ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. பொருத்தம் பார்த்துச் செய்தது போல் இருக்கிறது அல்லவா? அதே ஆண்டு ஜூலையில், ஆட்சி மாறிய கையோடு, சிறப்பு கிராம ஊராட்சிகள் மறுபடி பேரூராட்சிகளாகிவிட்டன. ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்குத்தான், பேரூராட்சிக்குக் கிடையாது. மரக்காணத்தைச் சுற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகள் ஒரே ஒன்றியத்தில் இருக்கின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் கிராமம், இந்தப் பக்கம் டவுன். உப்பு வாரும் கூலி இருவருக்கும் ஒன்று. மழைக்காலம் வேறு வேறு.

மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தை 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்தது. ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் உள்ள அரசின் உப்பு நிறுவனம் 'நெய்தல்' என்ற பெயரில் உப்பு விற்கத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். ஐயாயிரம் மூன்று மாதத்துக்குக் காணுமா என்று அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்பதற்கே வெட்கமாக இருந்தது.

உப்பு நிலத்தின் உரிமை எப்படி டெல்லி வரை போனது என்பது நீண்ட கதை. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பக்கத்தில் பிரெஞ்சுப் புதுச்சேரி இருந்ததே, அங்கே விளையும் உப்பு வேலி தாண்டி வராதா? அதற்கும் வழி செய்தார்கள். 1815-இல் லண்டனில் பிரெஞ்சுக்காரர்களோடு ஓர் உடன்பாடு: உள்ளூர்த் தேவை போக மிஞ்சிய உப்பையெல்லாம் கம்பெனியே வாங்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில், உப்பு விளைப்பதையே நிறுத்து, வருஷத்துக்கு இவ்வளவு தருகிறோம் என்று முடித்துக்கொண்டார்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இன்று மதுவின் விலை வித்தியாசத்துக்காகச் சோதனைச் சாவடி இருப்பதைப் பார்க்கிறவர்களிடம், ஒரு காலத்தில் அந்த எல்லையில் உப்பு இந்த மாதிரிச் சரக்காக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்தது 1930 ஏப்ரலில். உப்பு வரி போனது 1947-இல். வரி போனாலும் நிலம் போகவில்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 58-ஆவது பதிவு உப்பு உற்பத்தியும் வழங்கலும் அவற்றின் கட்டுப்பாடும். அணுசக்தியும் ராணுவமும் இருக்கிற அதே பட்டியல். உப்பு ஆணையரின் தலைமையகம் ஜெய்ப்பூரில். மரக்காணத்து 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட அளங்களில் பெரும்பகுதியைக் குத்தகைக்கு விடுவது அந்தத் துறைதான். குத்தகைக்காரர், அவருக்குக் கீழே பாத்தி எடுத்தவர், அவருக்குக் கீழே கூலிக்கு வாருகிறவர் என்று படி இறங்குகிறது.

இதில் பேரூராட்சிக்கு என்ன வரும்? அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவு, மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ மாநிலத்திலுள்ள எந்த அமைப்போ வரி போடக்கூடாது என்கிறது. ஊரின் ஆகப் பெரிய நிலக்காரரிடம் ஊர் சொத்து வரி கேட்க முடியாது. பேரூராட்சி அலுவலகச் சுவரில் வரியை உரிய காலத்தில் கட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அது மளிகைக் கடைக்காரருக்கும் ஓட்டு வீட்டுக்காரருக்கும். உப்பு லாரிகள் உடைக்கிற தெருவைச் சரிசெய்வது அவர்கள் கட்டுகிற காசில். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை ஊருக்கு எழுதிவைத்தால் குடியா முழுகிவிடும்?

இருக்கிற கொஞ்ச அதிகாரத்தையாவது தேர்ந்தெடுத்த ஆட்கள் செலுத்தினார்களா என்றால், அதிலும் ஓர் ஓட்டை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, அதன்பின் வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்துக்கொண்டே போய், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. சுற்றியுள்ள கிராமங்கள் 2021 அக்டோபரிலேயே ஓட்டுப் போட்டுவிட்டன. இன்னொரு வித்தியாசமும் உண்டு. கிராமத்தில் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சியில் வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டவுனாக இருப்பதற்கு இதுவும் ஒரு விலை.

மதியம் பூமீசுவரர் கோயிலுக்குப் போனேன். சோழர் காலக் கருங்கல் கட்டடம். அடித்தளத்தில் கல்வெட்டு ஓடுகிறது. வெளிப்பிராகாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை, வேப்ப மரத்தில் காற்று மட்டும். இந்தப் பகுதிக்கு ஓய்மாநாடு என்று பெயர். சங்க காலத்தில் இதை ஆண்ட நல்லியக்கோடன் மேல் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அவன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் அடங்கிவிட்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். வேடிக்கை என்னவென்றால், அந்த இடைக்கழிநாடு இன்றும் இருக்கிறது. மரக்காணத்துக்கு வடக்கே அடுத்த பேரூராட்சி அது. சங்கப் புலவர் ஒருவரின் முகவரி குடிநீர்க் கட்டண ரசீதில் அச்சாகி வருகிறது என்றால் சும்மாவா! அந்தப் பாட்டில் உப்பு வண்டி ஓட்டும் உமணரும் வருகிறார்கள். எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டு விருந்தும் வருகிறது. உப்பை விளைத்தவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது எதிலும் வருவதில்லை.

உள்ளாட்சி என்றதும் நம் ஆட்கள் உத்திரமேரூரைச் சொல்லுவார்கள். இங்கிருந்து வடமேற்கே கொஞ்ச தூரம்தான். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-உம் 921-உம். முப்பது குடும்புகள், குடவோலை, கணக்குக் காட்டாதவரின் உறவினரும் நிற்க முடியாது என்ற விதி. அந்தக் கணக்கு விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் பாதி மன்றங்கள் காலியாகிவிடும். ஆனாலும் அது பிராமண ஊரின் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அளத்தில் கூடை சுமந்தவளுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு சரிபாதி என்று பெண்களுக்கு இடம் ஒதுக்கிய நம் காலத்துச் சட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மறுநாள் கழிமுகத்துக்குப் போனேன். சென்னையிலிருந்து தெற்கே வெட்டிக்கொண்டு வந்த பக்கிங்காம் கால்வாய் இந்தப் பக்கத்தில்தான் முடிகிறது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள்; அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் படகில் சென்னை போன காலம் போய், இப்போது தண்ணீரில் நண்டு பிடிக்கும் பையன்கள் மட்டும் நிற்கிறார்கள்.

முகத்துவாரத்துக்கு வடகரையில் ஆலம்பரைக் கோட்டை. முகலாய ஆட்சியில் எழுந்து, 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அன்பளிப்பாகி, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தது. செங்கல் சுவர்கள் மிச்சம். வடகரை செங்கல்பட்டு மாவட்டம், தென்கரையில் அழகன்குப்பம் விழுப்புரம் மாவட்டம். இரண்டு கரையிலும் சேர்த்து மீன்பிடித் துறைமுகம் கட்ட அரசு இறங்கியபோது விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. முகத்துவாரத்தைத் தொட்டால் உள்ளே கழுவெளிக்கு ஏறும் நீர் என்னவாகும் என்பது கேள்வி. படகு கட்ட இடமில்லாமல் அல்லாடுகிறவனுக்கு இந்தக் கேள்வி புரியாமல் இல்லை. "பறவைக்கும் எடம் வேணும், எங்களுக்கும் எடம் வேணும். ரெண்டு பேருமே கடல்லதான சாப்புடுறோம்" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர்.

குப்பத்தில் நான் விசாரித்தது வேறொன்றை. இங்கே ஊர்ப் பஞ்சாயத்து என்றால் சட்டம் சொல்லும் ஊராட்சி இல்லை. ஊர்க் கூட்டம் கூடித் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்தார். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு; தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அந்தக் காசில்தான் திருவிழாவும் வழக்குச் செலவும் கரையேறாதவர் குடும்பத்துக்குக் கொடுப்பதும். எந்த வலை போடலாம், என்றைக்குத் தொழிலுக்குப் போகக்கூடாது, சுருக்குமடி வலைக்காரர்களோடு சண்டை வந்தால் யார் பேசுவது, எல்லாம் அவர்கள் தீர்ப்பு. 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கடற்கரை நெடுக நிவாரணத்துக்கு வந்தவர்கள் முதலில் தேடியது இந்தப் பஞ்சாயத்தாரைத்தான்; வீட்டுக் கணக்கு அவர்களிடம்தான் இருந்தது. ஒரு குறை: கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. மீனைச் சுமந்துபோய் விற்றுக் காசாக்குகிறவர்கள் அவர்கள். விதவை தலைமை தாங்கும் குடும்பம் அரைத் தலைக்கட்டாகக்கூட எண்ணப்படாமல் போவதுண்டு. அரசாங்கத் தேர்தலில் சரிபாதி, ஊர்க் கூட்டத்தில் பூஜ்யம்.

கழுவெளியை நான் பார்த்தது மேற்குக் கரையிலிருந்து. புலிகாட்டுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் உவர்நீர் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் வழிந்து வந்து நிரப்பும், கோடையில் வெடித்துக் கிடக்கும். வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேரை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. நான் போனபோது தண்ணீர் வற்றத் தொடங்கி, தூரத்தில் பூநாரைகள் ஒரு கோடாக நின்றன. கரையோரம் மாடு மேய்த்தவர் பலகையைக் காட்டினார். "முன்ன இங்க மீன் புடிப்போம், கோரை அறுப்போம். இப்ப பாரஸ்ட்டுக்காரங்கள கேக்கணும்." கழுவெளியின் ஓரங்களில் வயலும் இறால் பண்ணையும் நுழைந்த வேகத்தைப் பார்த்தால் அறிவிப்பு தாமதமாக வந்தது என்றுதான் சொல்லுவேன். ஆனால் கோரை அறுத்தவரையும் இறால் பண்ணைக்காரரையும் ஒரே பலகை தடுக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அத்தனை நீரும் கடலுக்குப் போகும் வழிகளில் கழுவெளியும் ஒன்று. உப்பளம், ஓடை, சாலை, வயல் எல்லாம் ஒரே தண்ணீராகிவிட்டதாம். அன்றைக்கு எந்தத் துறைக்கு எது எல்லை என்று யாரும் அளக்கவில்லை.

திண்டிவனம் பேருந்துக்குக் காத்திருந்த டீக்கடையில் தேர்தல் பேச்சு. 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற மன்றத்துக்கு 2027 மார்ச் வரை காலம். வார்டு பொதுவாக வந்தால் தானே நிற்கப்போவதாகச் சொன்னார் கடைக்காரர்.

"லேடீஸ் வார்டா வந்தா?" என்று ஒருவர் கிண்டினார்.

"வூட்டுல நிக்க வெச்சிட வேண்டியதுதான்."

பாய்லருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நிக்கிறேன். ஜெயிச்சா ஆபீஸுக்கு நான்தான் போவேன். நீ கடையப் பாத்துக்க. சாருக்குச் சில்லறை பாக்கி குடு."